தினப்படி சேதி எழுதிய துபாஷி – ஆனந்தரங்கப் பிள்ளை

நம் பீர்க்கன்கரணை ஓரமாகப் போகிற ஜி.எஸ்.டி. ரோடில் தெற்கே பஸ் பிடித்தால், செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி மூன்று மணி நேரத்துக்குள் புதுச்சேரி. நம் கல்லூரியில் படித்தவர்களில் அந்த பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறாதவர் யாரும் இருக்க முடியாது. எதற்காகப் போனோம் என்பதை இங்கே எழுத வேண்டாம். பேராசிரியர்களும் இந்த மலரைப் படிப்பார்கள்! அப்படிப் போனவர்கள் பெரிய மார்க்கெட் பக்கம் சுற்றியிருந்தால் ரங்கப்பிள்ளை வீதி என்கிற போர்டைப் பார்த்திருப்பார்கள். அந்த வீதியில் 1738 வாக்கில் கட்டிய ஒரு பழைய மாளிகையும் இருக்கிறது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம்மூர்ச் செட்டு வீடு மாதிரி. மேல்தளம் வெள்ளைக்காரப் பாணியில் உருண்டைத் தூண்கள். இரண்டு மொழி பேசிப் பிழைத்த ஒரு மனுஷனின் வீடு அப்படித்தானே இருக்க முடியும்?

அந்த வீட்டுக்காரர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கும்பனியின் தலைமைத் துபாஷி. வியாபாரி. கப்பல் முதலாளி. இதெல்லாம் அவர் காலத்தில் அவருக்கு இருந்த பெருமை. இன்றைக்கு அவர் பெயர் நிற்பது இந்தப் பெருமைகளால் அல்ல. 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரி 12 வரை, இடையிடையே விட்டுப்போன நாட்கள் நீங்கலாக, சுமார் 24 வருஷம் தமிழில் அவர் எழுதி வைத்த நாட்குறிப்பால்தான் நிற்கிறது. லண்டன் வாழ்க்கையை டைரியில் எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் எழுதியது 1660 முதல் 1669 வரை, பத்து வருஷத்துக்கும் குறைவு. நம்மவரை இந்தியாவின் பெப்பிஸ் என்று சொல்வார்கள். வருஷக் கணக்கைப் பார்த்தால் பெப்பிஸைத்தான் இங்கிலாந்தின் ஆனந்தரங்கர் என்று சொல்ல வேண்டும்.

பிள்ளை நம்ம சென்னைக்காரர் என்பது பல பேருக்குத் தெரியாது. 1709 மார்ச் 30 அன்று பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை, வியாபாரி. யாதவ குலம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். குடும்பம் புதுச்சேரிக்குப் போனது நைனியப்ப பிள்ளையின் அழைப்பால். நைனியப்பர் திருவேங்கடத்தின் மைத்துனர், பிரெஞ்சுக் கும்பனியின் தலைமைத் துபாஷி.

துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர். பேச்சை மொழிபெயர்ப்பது அந்த வேலையில் ஒரு சின்னப் பங்குதான். கும்பனிக்குத் துணி வேண்டும். நெசவாளிக்கு முன்பணம் வேண்டும். நடுவில் வியாபாரிகள். யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம், சொன்ன கெடுவில் துணி வருமா, தரம் சரியாக இருக்குமா, நவாபுக்கு என்ன நஜர் அனுப்ப வேண்டும், ஊரில் இரண்டு சாதிக்குள் சண்டை வந்தால் யார் தீர்ப்பது, எல்லாவற்றுக்கும் துபாஷிதான் பொறுப்பு. இந்தக் காலத்துப் பாஷையில் சொன்னால் பர்ச்சேஸ், பைனான்ஸ், லயசன், பர்சனல் எல்லாம் ஒரே ஆள். சம்பளத்தை விடக் கமிஷன் பெரிசு. ஆபத்து அதை விடப் பெரிசு.

அந்த ஆபத்து எப்படி இருக்கும் என்பதை ஏழு வயதில் ஆனந்தரங்கர் தன் வீட்டிலேயே பார்த்துவிட்டார். 1716ல் கவர்னர் எபேர் நைனியப்பரைக் கைது செய்தார். ராஜத்துரோகம், கொடுமை என்று குற்றச்சாட்டு. கிறிஸ்தவரல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பது சேசு சபைப் பாதிரிமாருக்குப் பிடிக்கவில்லை என்பதும் பின்னணியில் இருந்தது. சாட்சிகள் தமிழில் சொன்னது பிரெஞ்சில் எழுதப்பட்டது. படிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தீர்ப்பு: கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717ல் நைனியப்பர் சிறையிலேயே இறந்து போனார். மைத்துனர் என்ற காரணத்தால் திருவேங்கடமும் தப்பவில்லை. ஊரை விட்டுச் சென்னைக்கு வர வேண்டியதாயிற்று.

கதை அதோடு முடியவில்லை. நைனியப்பரின் மகன் குருவப்பர் கப்பலேறி பிரான்சுக்கே போய் முறையிட்டார். தீர்ப்பு தவறு என்று அங்கே முடிவாயிற்று. குருவப்பர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து தலைமைத் துபாஷி ஆனார். 1724ல் காலமானார். இதற்கிடையில் திருவேங்கடமும் புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தார். 1726ல் அவரும் மறைந்தார். பதினேழு வயதில் ஆனந்தரங்கர் குடும்பத் தொழிலைத் தோளில் ஏற்றுக்கொண்டார்.

தன் மாமனை வீழ்த்தியது அவரால் வாசிக்க முடியாத ஒரு காகிதம் என்பதை இந்தப் பையன் மறந்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் யார் என்ன சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்று அவ்வளவு விவரமாகத் தமிழில் எழுதி வைத்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம். அவர் அப்படி எங்கும் சொல்லவில்லை.

கவர்னர் லெனுவார் பையனின் சாமர்த்தியத்தைப் பார்த்து, பரங்கிப்பேட்டையில் இருந்த கும்பனி வியாபாரத்தை அவர் பொறுப்பில் விட்டார். அங்கே நன்றாகவே நடத்தினார். சொந்தப் பணம் போட்டு ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் கிட்டங்கி வைத்தார். ஆனந்தப் புரவி என்று ஒரு கப்பலும் அவருக்கு இருந்தது. கல்யாணம் நம்ம பக்கத்தில்தான். செங்கல்பட்டு சேஷாத்திரிப் பிள்ளை மகள் மங்கதாயியை மணந்தார்.

நாட்குறிப்பை ஆரம்பித்தபோது அவருக்கு 27 வயது. கவர்னர் துமா காலம். முதலில் கப்பல் வரவு, போக்கு, சரக்கு என்று வியாபாரிக்கு வேண்டிய சேதிகள்தான் அதிகம். போகப் போக ஊரே உள்ளே வந்துவிட்டது. தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டு, பக்கத்தில் வெள்ளைக்காரர் தேதியையும் போடுவார். அதற்கு தினப்படி சேதிக்குறிப்பு என்று பெயர்.

அந்தத் தமிழ் எப்படி இருக்கும் தெரியுமா? புலவர் நடை கிடையவே கிடையாது. பேசுகிற மாதிரியே எழுதுவார். கும்பனி, கப்பித்தான், முசே, பவுன்சு, நஜர், பர்வானா என்று போர்த்துகீசும் பிரெஞ்சும் பாரசீகமும் தெலுங்கும் வாயில் வந்தபடி கலந்து ஓடும். வாக்கியம் ஆரம்பித்தால் எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. தமிழ் படித்த பண்டிதர்கள் ரொம்ப நாளைக்கு இதை இலக்கியத்தில் சேர்க்காமல் இருந்ததற்கு இந்த நடையும் ஒரு காரணம். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் கடற்கரைப் பட்டணத்தில் படித்த மனிதர் எப்படிப் பேசினார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பதிவு நமக்குக் கிடையாது.

சைட்டில் வேலை பார்க்கும் என் போன்ற சிவில்காரர்களுக்கு இன்னொரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஒரு வாரத்து லாக் புக்கைச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தது செவ்வாயா புதனா என்று அப்போதே மறந்து போயிருக்கும். பிள்ளையின் குறிப்பில் அந்த வேலை கிடையாது. காலை இத்தனை மணிக்கு கவர்னர் வீட்டுக்குப் போனேன், அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார், இன்னார் வந்தார், இதைச் சொன்னார் என்கிற ரகம். கண்ணால் பார்த்தது வேறு, கடுதாசியில் வந்தது வேறு, கடைத்தெருவில் கேட்டது வேறு என்று பிரித்துப் போடுவார். முந்தின நாள் எழுதிய சேதி பொய் என்று மறுநாள் தெரிந்தால் அதையும் எழுதுவார். பழையதை அழிக்க மாட்டார். சரித்திரக்காரர்கள் அவரை நம்புவது இதனால்தான்.

1742ல் துய்ப்ளேக்ஸ் கவர்னராக வந்தார். இங்கிருந்துதான் நாட்குறிப்பு சூடு பிடிக்கிறது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிடித்த ஊரைப் பணம் வாங்கிக்கொண்டு இங்கிலீஷ்காரனுக்கே திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் துய்ப்ளேக்சுக்கும் பெரிய சண்டை. அந்தச் சண்டை ஒவ்வொரு நாளும் எப்படி முற்றியது என்பதை, கவர்னரின் முகம் சிவந்தது வரைக்கும் பிள்ளை எழுதியிருக்கிறார். அதே வருஷம் நவாபின் மகன் மாபூஸ்கான் பெரும் படையோடு சென்னையை மீட்க வந்தார். அடையாறு ஆற்று முகத்தில், இன்றைக்கு நாம் சாந்தோம் போகிற வழியில், சில நூறு பிரெஞ்சு சிப்பாய்களும் அவர்களிடம் பயிற்சி பெற்ற நம்மூர் சிப்பாய்களும் சேர்ந்து, பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் அந்தப் படையை விரட்டினார்கள். எண்ணிக்கையைவிட அணிவகுப்பும் துப்பாக்கியும் பெரிது என்று இந்திய ராஜாக்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். இந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய சண்டைகளில் ஒன்று நம் பல்லாவரம், தாம்பரத்துக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் பிளாசிக்குக் கிடைத்த இடம் அடையாறுக்குக் கிடைக்கவில்லை.

1746 பிப்ரவரியில் தலைமைத் துபாஷி கனகராய முதலி இறந்தார். அவர் கிறிஸ்தவர். அந்த இடத்துக்குப் பிள்ளைதான் தகுதியானவர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் உத்தரவு உடனே வரவில்லை. கிறிஸ்தவர் ஒருவருக்கே கொடுக்க வேண்டும் என்று பாதிரிமார் ஒரு பக்கம், துய்ப்ளேக்சின் மனைவி ழான் ஒரு பக்கம். இந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஒற்றர்கள் வைத்து ஊர் சேதி எல்லாம் வாங்குவார். கணவனுக்கும் துபாஷிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பே தேவையில்லாத ஒரு ஆள் வீட்டுக்குள் இருந்தால் துபாஷியின் பாடு எப்படி இருக்கும்? வேலையை எல்லாம் பிள்ளை பார்த்தார். பதவி மட்டும் இழுபறியாகவே இருந்தது. 1747ல்தான் முறைப்படி வந்தது. அந்த மாதங்களில் ஜோசியம், சகுனம், கிரகம் என்று அவர் பட்ட பாட்டை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பிரமோஷன் ஆர்டருக்குக் காத்திருந்த நண்பர்கள் யாராவது படித்தால் இது நம் கதை என்பார்கள்.

பதவி வந்த பிறகு கௌரவத்துக்குக் குறைவில்லை. கவர்னர் மாளிகை வரை பல்லக்கில் போகலாம். முன்னால் மேளம் போகும். தங்கப் பூண் போட்ட கைத்தடி. செருப்புக் காலோடு கவர்னர் இருக்கும் இடத்துக்குள் போகிற உரிமை. ஐதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், பிள்ளைக்கு 3000 குதிரை மன்சப்தார் அந்தஸ்தும் செங்கல்பட்டுக் கோட்டை அதிகாரமும், பிறகு அந்தச் சீமைக்கு ஜாகீரும் கொடுத்தார். 3000 குதிரை என்றதும் லாயத்தைத் தேட வேண்டாம், அது ஒரு கௌரவப் படிநிலை. ஆனால் செங்கல்பட்டு என்பதைக் கவனியுங்கள். நம் பீர்க்கன்கரணை ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களும் அந்தச் செங்கல்பட்டுச் சீமையில்தான். 1751ல் முசாபர் ஜங் கொல்லப்பட்டார். அந்தக் காலத்துப் பட்டங்களின் ஆயுசு, கொடுத்தவரின் ஆயுசைப் பொறுத்தது.

புலவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். தமிழில் தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு எழுதினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்க கவி ஒரு யாப்பு நூலையே அவர் பெயரில் செய்தார். காசு கொடுத்து எழுத வைத்த இந்தப் புகழ்ச்சிகளை இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர யாரும் புரட்டுவதில்லை. காசு வாங்காமல் அவரே எழுதியதைத்தான் உலகம் படிக்கிறது.

இனி ஒரு கஷ்டமான விஷயம். இதைத் தாண்டிப் போனால் பிள்ளையைப் பற்றி எழுதியதாக ஆகாது.

1748 ஆகஸ்டில் இங்கிலீஷ் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். அந்தக் குழப்பத்துக்கு நடுவில், செப்டம்பரில், ஊருக்குள் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. பக்கத்திலேயே சேசு சபையாரின் மாதா கோயில். இந்த ஈசுவரன் கோயிலை எடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன் இருந்த கவர்னர்கள் ஊர் கலைந்து போகும் என்று பயந்து தள்ளிப் போட்டார்கள். யுத்த காலத்தில் யாரும் ஊரை விட்டுப் போக முடியாது. அந்த சமயம் பார்த்துக் காரியம் முடிந்தது. தலைமைத் துபாஷி யார்? நம் பிள்ளைதான். தீவிர வைஷ்ணவர். ஊரில் இந்துக்களின் தலைவர். அவர் என்ன செய்தார்? தடுக்க முடியவில்லை. சாமான்களையும் விக்கிரகங்களையுமாவது காப்பாற்றி வேறு கோயிலுக்குக் கொண்டு போங்கள் என்று கோயில்காரர்களுக்குச் சொன்னார். அன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதினார். கவர்னர் மனைவியைக் குற்றம் சொன்னார், பாதிரிமாரைச் சொன்னார், நம்ம ஆட்களின் ஒற்றுமைக் குறைவையும் சொன்னார். தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதவியைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். பதவியை எறிந்திருந்தாலும் கோயில் நின்றிருக்குமா என்பது சந்தேகம். நைனியப்பருக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்திருக்கலாம். ஆனாலும் மேளம் முன்னே போகப் பல்லக்கில் போகிறவர், ஊருக்கு ஒரு கஷ்டம் வந்த நாளில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார் என்பதை அவர் எழுத்தே காட்டுகிறது. இதை மறைத்து எழுத அவருக்கு வசதி இருந்தது. யாரும் படிக்கப் போவதில்லை, கேட்கப் போவதில்லை. மறைக்கவில்லை. வேதபுரீஸ்வரர் கோயில் பிற்பாடு வேறு இடத்தில் கட்டப்பட்டது. பழைய கோயில் எப்படிப் போயிற்று என்பதற்கு நம்மவர் கண்ணால் பார்த்து எழுதிய சாட்சி இந்தக் குறிப்புதான்.

இதே மாதிரி வேறு சேதிகளும் உண்டு. ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றியவர்கள் 1743ல் பிடிபட்ட சேதி. மாதா கோயிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்டவர்களைத் தனியாகப் பிரிக்கக் கட்டியிருந்த சுவரை 1745ல் பாதிரியார் எடுக்கச் சொல்ல, அதற்கு மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்த சேதி. பிள்ளைக்குச் சாதிப் பெருமை உண்டு. தாழ்த்தப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது அது அப்பட்டமாகத் தெரியும். தன்னைப் பிறர் புகழ்ந்ததை எழுதும்போதும் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். அவரை வாசிக்கிறவர்கள் இதையெல்லாம் கழித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

உலக சரித்திரத்தில் இவருக்கு ஒரு அண்ணன் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட பைசாந்தியச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் காலத்தில் புரோகோபியஸ் என்று ஒரு வரலாற்றாசிரியர். தளபதி பெலிசாரியஸின் செயலாளர். கூடவே போய் யுத்தங்களைப் பார்த்து எழுதினார். சக்கரவர்த்தி கட்டிய கட்டிடங்களைப் புகழ்ந்து ஒரு நூலும் எழுதினார். ஆனால் ரகசியமாக இன்னொரு நூல் எழுதி வைத்தார். அதில் ஜஸ்டினியனும் அவன் ராணி தியோதோராவும் கிழிகிழி என்று கிழிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த ரகசிய நூல் வத்திக்கான் நூலகத்திலிருந்து கிடைத்து 1623ல்தான் அச்சேறியது. ஆயிரம் வருஷத்துக்கு மேல்! பிள்ளையும் நேரில் துய்ப்ளேக்சை வானளாவப் புகழ்வார். புகழ்ந்ததைத் தன் குறிப்பில் எழுதியும் வைப்பார். சில பக்கம் தள்ளி அதே துய்ப்ளேக்சின் பேராசையையும், அவர் மனைவியின் லஞ்சத்தையும் வயிறெரிந்து எழுதுவார். வித்தியாசம் என்னவென்றால், புரோகோபியஸ் புகழுக்கு ஒரு புஸ்தகம், வசவுக்கு ஒரு புஸ்தகம் என்று தனித்தனியாக வைத்தார். எது உண்மை என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பிள்ளையிடம் இரண்டும் ஒரே நோட்டில், தேதியோடு இருக்கிறது. எந்த நாள் புகழ்ந்தார், எந்த நாள் மனம் கசந்தது, நடுவில் என்ன நடந்தது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கசப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1750க்குப் பிறகு பாப்பையாப் பிள்ளை என்கிறவருக்குக் கவர்னர் மனைவியிடம் செல்வாக்கு ஏறியது. வரி வசூல் அவர் கைக்குப் போனது. நம் பிள்ளை பெயருக்குத் துபாஷி. 1754ல் துய்ப்ளேக்சை பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்து வந்தவர்கள் கொதே, பிறகு லெறி. 1756ல் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டிப் பிள்ளையின் பதவி எடுக்கப்பட்டது. ஆண் குழந்தைகள் சிறு வயதிலேயே தவறிப் போயிருந்தார்கள். பணமும் நெருக்கடி. கும்பனியிடமிருந்து வர வேண்டியது வரவில்லை, கொடுக்க வேண்டியவர்கள் வாசலில்.

நாட்குறிப்பு மட்டும் நிற்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை ஏறுவது இந்த இடத்தில்தான். அதிகாரத்தில் இருக்கும்போது எழுதுவது பெரிய விஷயமில்லை. கவர்னர் வீட்டுச் சேதி தினமும் காதில் விழுகிறது. பதவி போய், வாதத்தில் படுத்து, கூப்பிட ஆளில்லாத காலத்திலும் எழுதினார். லல்லி என்கிற முன்கோபக்காரத் தளபதி வந்து சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றது, 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை நொறுங்கியது, பிறகு புதுச்சேரியை அயர்கூட் வளைத்தது எல்லாம் வருகிறது. ஊரில் தானியம் தீர்ந்தது. 1761 ஜனவரி 1 அன்று அடித்த புயலில் இங்கிலீஷ் கப்பல்கள் பல உடைந்தன. ஊரில் ஒரு நம்பிக்கை. அதுவும் சில நாளில் போயிற்று. ஜனவரி 12 தேதியோடு குறிப்பு நிற்கிறது. 16ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. அந்தச் சில நாட்களுக்குள்ளேயே பிள்ளையும் கண்ணை மூடினார். வயது 51. அதன் பிறகு இங்கிலீஷ்காரர்கள் கோட்டையையும் வெள்ளையர் குடியிருப்பையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

கோட்டை போயிற்று. கவர்னர் மாளிகை போயிற்று. நோட்டுகள் பிழைத்தன. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளையும் அந்தக் குடும்பத்தாரும் அவருக்குப் பிறகும் குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். 85 வருஷம் கழித்து, 1846ல், அர்மான் கலுவா மொம்பிரேன் என்கிற பிரெஞ்சுக்காரர் பிள்ளையின் சந்ததியார் வீட்டில் இந்தக் கட்டுகளைக் கண்டெடுத்துப் பிரதி எடுத்தார். அடுத்த சில வருஷத்தில் அரியேல் என்பவர் எடுத்த பிரதி பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போயிற்று. 1890களில் சென்னை அரசாங்கம் ஒரு பிரதி எடுத்தது. அதற்குள் சில பகுதிகள் காணாமல் போயிருந்தன. நல்லவேளை, அந்த மட்டிலாவது மிஞ்சியது.

இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1904ல் ஆரம்பித்து 1928ல் 12 தொகுதிகளாக முடிந்தது. சென்னை அரசு அச்சகம் போட்டது. முதலில் பிரெடரிக் பிரைஸ், அவரோடு ரங்காச்சாரி. பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருந்த டாட்வெல். தமிழில் எழுதிய மனுஷனைத் தமிழில் படிக்க நாம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1948 முதல் புதுச்சேரியில் தமிழ்த் தொகுதிகள் வரத் தொடங்கின, எட்டோடு நின்றன. பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளை அடிப்படையாக வைத்து மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்று இரண்டு நாவல் எழுதினார். இரண்டாவதுக்கு 1995ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பிள்ளையின் பெயரை நம் தலைமுறையில் பல பேருக்கு அறிமுகம் செய்தது அந்த நாவல்கள்தான். 2019ல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து 12 தொகுதிகளாகத் தமிழிலேயே முழுத் தொகுப்பு வந்துவிட்டது.

12 தொகுதியா என்று ஜூனியர் தம்பி தங்கைகள் மிரள வேண்டாம். முதல் தொகுதியிலிருந்து வரிசையாக ஆரம்பித்தால் கப்பல் வரவு, சரக்குக் கணக்கிலேயே தூக்கம் வந்துவிடும். 1746 செப்டம்பர், அக்டோபர் பக்கங்களை முதலில் எடுங்கள். சென்னைக் கோட்டை கைமாறிய கதை, லபூர்தொனே சண்டை, அடையாறு எல்லாம் அதில் வரும். பேச்சுத் தமிழ் என்பதால் வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பிடிபடும். நம் கல்லூரி லைப்ரரியில் ஒரு செட் வாங்கி வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். சங்கப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வந்தால் முதல் தொகுதிக்கான பணம் என்னுடையது. மீதி 11க்கு ஆள் பிடிக்கும் பொறுப்பைப் பொருளாளர் ஏற்க வேண்டும்.